இரண்டாம் பாடம் கேட்டவள்

சனிக்கிழமை காலையிலிருந்தே யின்ஹோங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிங்தாவ் நகரில் நண்டுக் கடை ஒன்றின் மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஆங்கிலப் பயிற்சி மையம். நாற்பத்தாறு வயதுக்காரி, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடிப்பதும் பதிவு மேஜையைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். நான்கு மாதமாக வாராவாரம் அதே நாற்காலி, அதே இலவச முதல் வகுப்பு. அவள் மாணவி இல்லை. கூட்டம் காட்டுவதற்காகக் கூலி கொடுத்து உட்கார வைத்த ஆறு பேரில் ஒருத்தி.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. முதல் கால் மணி நேரம் தத்துப்பித்தென்று உளற வேண்டும். பிறகு மெல்லத் தேற வேண்டும். வகுப்பு முடிந்ததும், ஒரு மணி நேரத்தில் இவ்வளவா என்று வாயைப் பிளந்தபடி பதிவு மேஜைக்கு முதல் ஆளாக ஓட வேண்டும். பணம் கட்டுவது போல் செல்போனை நீட்டினால், ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் பரிசு. அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பின்வாசல் வழியாக வந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே டப்பா நான்கு மாதமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பாவம், அதற்கும் கால் வலிக்கும்.

இதில் கூத்து என்னவென்றால், யின்ஹோங் நிஜமாகவே படித்துவிட்டாள். ஆட்களை வேலைக்கு அமர்த்துவதும் பொருள்களை வாடகைக்கு எடுப்பதும்தான் பாடம். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் எம்ப்ளாய். வீடு பிடித்தால் ரென்ட். வருஷக் கணக்கில் கடை எடுத்தால் லீஸ். ஹயர் மட்டும் ஆளுக்கும் வரும், காருக்கும் வரும்.

"நம்ம பேச்சுல ஆளுக்கு ஒரு வார்த்தை, சாமானுக்கு ஒரு வார்த்தை. இவனுங்க ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டிட்டானுங்க பாரு" என்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஹாவ் வாராவாரம் அங்கலாய்ப்பார். அவரும் கூலி ஆள்தான். சூரியகாந்தி விதை கொறிக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவே.

யின்ஹோங்குக்கு வேண்டியது வேறு. வீடு வீடாக ஓடி, மணிக்கு இவ்வளவு என்று தரை துடைக்கிறவள் அவள். கடற்கரைக் குடியிருப்புக்கு மாதக் கடைசியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வருகிறது. மாதச் சம்பளத்துக்குச் சமையல்காரி தேடுகிறார்கள், நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தால் போதுமாம். மீனை ஆவியில் வேகவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதை அந்த வீட்டம்மாவிடம் சொல்ல ஒரு சொல் தெரியாது. வீட்டு முன்பணத்தைப் பற்றி வேண்டுமானால் வெளுத்து வாங்குவாள்! சுவர் அட்டையில், இரண்டாம் பாடம் சமையலறை என்று போட்டிருந்தது. எப்போது நடக்கும் என்று கேட்டால், "அதெல்லாம் வாரநாள்ல" என்று மேலாளர் லோவ் நழுவிவிடுவார். இன்றைக்கு எப்படியும் நிஜமாகவே பணம் கட்டிவிடுவது என்று சேமிப்பையெல்லாம் செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

வகுப்பில் அவளுக்கு நடிக்கவே வரவில்லை. ஆசிரியர் பெய் முதல் கேள்வி கேட்டதுமே பட்டென்று சரியாகச் சொல்லித் தொலைத்தாள். பெய் கண்ணாலேயே எரித்தான்.

"எப்படிக்கா இப்படி டக்குனு வருது?" என்றாள் இடப்பக்கம் இருந்த பெண். பெயர் ஷுவாங், கீழே நண்டுக் கடையில் பரிமாறுகிறவள், நிஜமாகவே படிக்க வந்தவள். "எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறலையே."

"ஏறும், ஏறும். நானும் உன்னை மாதிரி மக்குதான்" என்றாள் யின்ஹோங். கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஓடினாள். மேஜையில் ஒட்டியிருந்த, பணம் செலுத்தும் கியூ.ஆர். கட்டத்தைச் செல்போனால் படம்பிடித்து, தொகையை அடித்து, விரலை அழுத்தினாள். பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டி ஒன்று மேஜை மேல் இருந்தது; அது, "ஆறாயிரம் யுவான் வந்து சேர்ந்தது" என்று கூடம் முழுக்கக் கேட்கக் கத்தியது. கூலி ஆட்களுக்கு அந்தப் பெட்டி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. லோவின் முகம் செத்துப்போயிற்று. சிரித்துக்கொண்டே அவள் முழங்கையைப் பற்றிப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நிஜமாவே கட்டிட்டியே!"

"எனக்கு ரெண்டாம் பாடம் வேணும். ஓசியில கேக்கலையே."

"முதல்ல செல்லை நீட்டு. திருப்பி அனுப்புறேன்." அவசர அவசரமாக அனுப்பியும் விட்டார். "உன் காசை நான் தொடுவேனா? நீ நம்மாளுக்கா. ரெண்டாவதுமில்ல, மூணாவதுமில்ல. இன்னும் ரெண்டு வாரத்துல இங்க கடையைக் கட்டுறோம்."

யின்ஹோங் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப கட்டினவங்கல்லாம்?"

"அதை விடு. அடுத்து யான்தாய்ல திறக்குறோம், நீயும் வந்துடு. மாசச் சம்பளம், தங்க இடம். உன்னை மாதிரி நடிக்க யாரு இருக்கா?"

மாதச் சம்பளம். இத்தனை வருஷம் அவள் ஏங்கிய சொல் அது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனம் அதன் பின்னால் போகத்தான் செய்தது. பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூடத்துக்கு வந்தபோது பணம் கட்டும் வரிசையின் முன்னால் ஷுவாங், செல்போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க கட்டினதைப் பார்த்துதான்க்கா எனக்கும் தைரியம் வந்துச்சு."

யின்ஹோங் அந்தச் செல்போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "கட்டாத. எனக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நான் கூலிக்கு வந்தவ. ரெண்டாம் பாடம்னு ஒண்ணு இல்லவே இல்ல."

வரிசையில் நின்றவர்கள் செல்போனை இறக்கிக்கொண்டார்கள். பெரியவர் ஹாவ் விதைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். லோவ் ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"போன மாசமும் வந்தீங்களா?" என்றாள் ஷுவாங்.

"வந்தேன்."

"என் அண்ணி போன மாசம் இங்க கட்டினாங்க. ஒரு அக்கா முதல் ஆளா ஓடுனதைப் பார்த்துத்தான் கட்டினேன்னு சொன்னாங்க."

யின்ஹோங் மூடியிருந்த கையை எடுத்தாள். "அது நான்தான்."

ஷுவாங் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அண்ணிக்குப் போன் போட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் யின்ஹோங்கிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

யின்ஹோங் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஷுவாங்!" என்றது ஒரு குரல், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே, அத்தனை சந்தோஷமாக. "சேர்ந்துட்டியா? ரெண்டாம் பாடம் எப்பன்னு கேட்டியா?"