டெஸ் கேட்கக் கூசிய இரண்டு ஸ்டாண்டுகள்

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை. சமையலறை ஜன்னலைத் திறந்த ரோலீனுக்குக் கணவனின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மிச்ச டெஸ் வண்டிக்கு அடியில் இருந்தான்.

ரோலீனின் கோபம் ராக்ஹாம்ப்டன் ஊர் முழுக்கப் பிரசித்தம். அவள் முறைத்தால் கரையேறிய முதலைகூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிடும். அன்று செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கணுக்கால்களைப் பிடித்து, உருளைக்கிழங்கு மூட்டையை இழுப்பதுபோல அவனை வெளியே இழுத்துப் போட்டாள்.

கடற்கரை மணலில் ஓட்டுவதற்கு அகல டயர் மாட்டுகிறானாம். நட்டு ஒன்று உள்ளே உருண்டுவிட்டதாம். சக்கரம் மாற்றுகிறவனுக்கு வண்டிக்கு அடியில் என்ன வேலை? அதிலும் இவன், சரிவான வாசல் பாதையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்கள் உருளாதபடி ஒரு கட்டைகூட வைக்காமல் ஜாக்கியால் தூக்கியிருந்தான். முட்டுக்கு, நடுவில் ஓட்டையுள்ள சிமெண்ட் கல் ஒன்று.

"ஸ்டாண்டு எங்க?"

டெஸ் தலையைச் சொறிந்தான். தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கான அந்த இரும்பு ஸ்டாண்டுகள் அடுத்த வீட்டு கிளைவிடம் இருந்தன. இரவல் வாங்கிப் போன அந்த மகாராஜன், அவற்றின்மேல் ஒரு தகட்டைப் போட்டு இரண்டு வருடமாக இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். குவீன்ஸ்லாந்து மாடுகளில் பாதி அதன்மேல்தான் வெந்திருக்கும்.

"போய்க் கேக்கறதுக்கென்ன?"

"அவன் என் சிநேகிதன்டி. குடுத்ததத் திருப்பிக் கேட்டா, கஞ்சப்பயன்னு தெருவே சிரிக்கும். கல்லு தாங்கும், விடு."

கல் தாங்கும், ஒன்றும் ஆகாது. அந்தத் தெரு ஆண்களுக்கு அதுதான் வேதம். சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற எதிர்வீட்டு நீலுக்கு 'நர்ஸம்மா' என்று பட்டம் கட்டிய வீரர்கள் அவர்கள்.

ரோலீன் விறுவிறுவென்று கிளைவ் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நாலைந்து பேர் பீரும் கையுமாக நின்றிருந்தார்கள். கிளைவ் இடுக்கியை ஆட்டி, சாசேஜ் சாப்பிடச் சொன்னான். அவள் ஸ்டாண்டைக் கேட்டாள்.

"வெந்ததும் எடுத்துக்கம்மா. என்ன, டெஸ் பயந்துட்டானா?"

கூட்டம் சிரித்தது. மானம் போகிறதே என்று பின்னாலேயே ஓடிவந்த டெஸ், அவள் சும்மா சொல்கிறாள், எனக்கு எதுவும் வேண்டாம் என்று வழிந்தான். அவன் வாயை மூடுவதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் 'தடால்' என்று ஒரு சத்தம்.

எல்லோரும் ஓடினார்கள். ஜாக்கி மல்லாந்து கிடந்தது. கல் மாவாகிவிட்டது. டெஸ் படுத்திருந்த இடத்தில் இப்போது ஒரு சாசேஜ்தான் நுழையும். அவன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தன்னைக் காப்பாற்றியது புத்தியல்ல, மனைவியைத் தடுக்க ஓடிய வெட்கம் என்று அவனுக்கு உறைத்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று முனகினான் கிளைவ்.

ரோலீன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவன் செத்திருந்தா அத்தன பேரும் அடக்கத்துக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து, தங்கமான ஆளு, யார் மனசும் நோகப் பேசமாட்டான்னு அழுதிருப்பீங்க. அவன் ஸ்டாண்டு மேல கறி வெந்த கதைய ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டீங்க. ஜாக்கி வண்டியத் தூக்கத்தான், தாங்குறதுக்கில்ல. அது தெரிஞ்சு நடக்கிறவனப் பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறீங்களே, வண்டி ஆளக் கொல்லலடா, அந்தச் சிரிப்புதான் கொல்லுது."

டெஸ் நிமிர்ந்தான். அவன் குரல் தெருவுக்கே கேட்டது.

"கிளைவ், என் ஸ்டாண்டு வேணும்."

"கறி பாதிதான்டா வெந்திருக்கு..."

"பச்சையாத் தின்னு. ஸ்டாண்ட இப்பவே குடு."