நூருல்லா வீட்டுச் சன்னல் நின்ற விதம்

மரக்காணத்தில் நூருல்லா வீட்டுப் புதுச் சன்னல், மாட்டிய மறுநாள் காலையிலேயே சுவரைவிட்டு இறங்கி உப்பளத்துக்குப் போய்விட்டது. யாரும் திருடவில்லை. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டும் மாறி மாறிப் பதிந்த தடம் தெரு மணலில் தெளிவாக இருந்தது. போன சன்னல் பாத்தி வரப்பில், கண்ணாடியைச் சாத்திக்கொண்டு, நேராக நின்றது. அதன் வழியே பார்த்தால் எதிரே இருக்கும் உப்புக் குவியல் தெரியாது, நூருல்லா வீட்டுக் கூடம் தெரியும். உப்பு வார வந்த கொளஞ்சிதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் நூருல்லாவின் மனைவி மரியம் பீவிக்குப் போன் போட்டாள்.

“ஏம்மா பீவி, ஒங்க சன்னல் எங்க பாத்தியில வந்து நிக்குது. உள்ள நீங்க மீன் ஆயறது தெரியுது. என்னா மீனு, சங்கராவா?”

“சங்கராதான். பாத்த கண்ணு சும்மா போவக்கூடாது, வந்து சாப்ட்டுப் போ. வரும்போது அதையும் தூக்கினு வா.”

பழைய மரச் சன்னலை உப்புக் காற்று தின்று முடித்து, கம்பிகளைத் துருவாக உதிர்த்துவிட்ட பிறகு, இந்தப் புது யுபிவிசி பிளாஸ்டிக் சன்னலைச் செய்ய ஏற்பாடு செய்தவன் மகன் நிஷாத். அவன் ஷார்ஜாவில் உயரமான கட்டிடங்களுக்குச் சன்னல் மாட்டும் வேலையில் இருந்தான். திறப்பின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததை எடுக்கவேண்டும் என்று அங்கிருந்தபடியே தங்கை ஆஸிஃபாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவள் அளந்தபடி பெரிய முதலியார்சாவடிப் பட்டறையில் சட்டம் தயாரானது. அது வந்து இறங்கிய அன்று நூருல்லா டீக்கடையில் நின்று, “இனிமே கடல் காத்து எம்மவன் பர்மிசன் கேட்டுட்டுதான் உள்ள வரும்” என்று சொல்லியிருந்தார். சன்னல் நடந்துபோன செய்தி எட்டியதும் நிஷாத்துக்கு அந்த வாக்கியம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அய்ப்பசி மழை வேறு பக்கத்தில் இருந்தது. சொந்த வீட்டுச் சன்னலை நிறுத்த முடியாத கை என்ன கை என்று, ஷார்ஜாவில் தான் மாட்டிய சன்னல்களை எல்லாம் இரண்டிரண்டு தடவை தட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

மாட்டியவர் கிளியனூர்த் தங்கராசு. சட்டத்தின் நடுவே துளை போட்டுச் சுவரில் நேராக போல்ட் இறக்குவது அவருடைய முறை. நாற்பது வருட உப்பை உறிஞ்சிய செங்கல் அந்த போல்ட்டைப் பிடிக்கவில்லை. இன்னும் நீளமான போல்ட் போட்டார். சுவர் இருமி, எல்லாவற்றையும் கூடத்தில் துப்பியது. சுற்றிலும் சிமெண்டை அடைத்தார். சன்னல் அந்தச் சிமெண்டையும் சுமந்துகொண்டு உப்பளத்துக்கே போனது. “நான் போட்ட போல்ட்டுல கல்யாண மண்டபமே நிக்குதும்மா, இது ஒங்க சுவரோட திமிரு” என்றார் தங்கராசு.

நிஷாத்துக்கு விஷயம் புரிந்தது. இப்படிப்பட்ட சுவரில் சட்டத்தைத் துளைக்கக்கூடாது. சட்டத்தின் முதுகில் தகரப் பட்டைகளைப் பூட்டி, அவற்றை மடக்கிச் சுவரின் உள்முகத்தில் திருகவேண்டும். குரலாக அனுப்பினால் சுவரில் மூடாமல் கிடக்கும் சன்னல் திறப்பு வழியே வரும் காற்றிரைச்சலில் வீட்டில் எதுவும் கேட்காது. கை நிறைய சிலிக்கான் பசை இருந்ததால் தட்டி எழுதவும் முடியாது. பேசினால் எழுதிக்கொள்ளும்படி போனை வைத்து, அவசரமாகச் சொல்லி, படித்துப் பார்க்காமல் அனுப்பினான். வீட்டுக்கு வந்து சேர்ந்தது இது: “சட்டத்த தொளைக்காதம்மா. நாலு பக்கமும் பாட்டு போடு. மூலையிலேந்து ஒரு ஜாண் தள்ளிப் போடு. அது புடிச்சிக்கும்.”

“பாட்டா? நான் பிட்டரும்மா, பாடகன் கெடையாது” என்றார் தங்கராசு.

“அண்ணன் வாயால சொல்லி அடிச்சது, எதனா தப்பா விழுந்திருக்கும்” என்றாள் ஆஸிஃபா.

“அங்க அம்மாம் பெரிய பில்டிங்கு நிக்குது, அவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா? ஜாண் கணக்குல சொல்லியிருக்கான் எம்புள்ள. நில்லுடி அந்தப் பக்கம்” என்றாள் மரியம் பீவி.

தங்கராசு சட்டத்தைச் சுவர்த் திறப்பில் நிறுத்தி, கீழே ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்துப் பிடித்துக்கொண்டார். மரியம் பீவி இடது மூலையிலிருந்து ஒரு ஜாண் அளந்து, அங்கே வாயை வைத்து, நிஷாத்துக்குப் பாடிய தாலாட்டைப் பாடினாள். வலது பக்கம் ஆஸிஃபா, காலேஜ் ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய பாட்டு. இந்தத் தடவையும் சன்னலைத் தூக்கி வந்திருந்த கொளஞ்சி ஸ்டூலில் ஏறி மேல் சட்டத்துக்கு உப்பு வாரும் பாட்டைப் போட்டாள். நூருல்லாவுக்குப் பாட்டே தெரியாது. இளவயதில் சைக்கிளில் பிஸ்கட் விற்றபோது கூவிய கூவலைக் கீழ்ச் சட்டத்துக்குக் கொடுத்தார், பாதியில் மூச்சு வாங்கியது. தங்கராசு ஆப்பை உருவி, கையை எடுத்தார். சன்னல் நின்றது. மறுநாளும் நின்றது. வரப்பில் இடம் காலியாக இருந்ததைக் கொளஞ்சி போன் செய்து உறுதிப்படுத்தினாள்.

வீடியோவில் பார்த்த நிஷாத், “பட்டைம்மா, பட்டை! தகரப் பட்டை! நான் எங்க பாட்டு சொன்னேன்?” என்று கத்தினான். “அதெல்லாம் போட்டாச்சுப்பா, நல்லா புடிச்சிக்கிச்சு” என்றாள் அம்மா. அய்ப்பசியில் புயல் வந்து, உப்புக் குவியல்களைக் கரைத்து, பக்கத்து வீட்டுக் கூரைத் தகடுகளைக் கால்வாய்க்கு அப்பால் கொண்டுபோய் அடுக்கியது. இந்தச் சன்னல் அசையவில்லை, லேசாக முனகிக்கொண்டிருந்தது. நூருல்லா மூச்சு வாங்கிய இடத்தில் மட்டும் நூல்போல நீர் இறங்கியது. அங்கே தங்கராசு சிலிக்கான் பூசினார்.

அடுத்த ரமலானுக்கு லீவில் வந்த நிஷாத்தின் பையில் துருப்பிடிக்காத பட்டைகள் இருந்தன. பாட்டை நம்பிச் சன்னலை விட அவனுக்கு மனம் வரவில்லை. ரசமட்டத்தை வைத்தான், குமிழ் நடுவில் நின்றது. முஷ்டியால் குத்தினான், சட்டம் கல் மாதிரி இருந்தது. எங்கும் ஒரு திருகு இல்லை. இடது பக்கத்தில் காதை வைத்தான், உள்ளே அம்மாவின் தாலாட்டு முனகிக்கொண்டிருந்தது. பிறகு பட்டைகளைப் பையிலேயே போட்டான். அன்று டீக்கடையில் நூருல்லா மகன் தோளில் கைபோட்டு, “பாத்துக்கோங்கய்யா, இதான் அந்தக் கை” என்றார். யாரோ, “தம்பி, நெஜமாவே நீ சொன்ன மெத்தடா?” என்று கேட்டார்கள். நிஷாத் டீயை ஒரு வாய் குடித்தான்.

“ஆமாங்க, நம்ம மெத்தடுதான். ஒரு ஜாண் தள்ளிப் போடணும், அதான் முக்கியம்.”

ஷார்ஜாவில் மேல்மாடிக் காற்றுக்கு அடங்காத சன்னல் வந்தால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். மூலையிலிருந்து ஒரு ஜாண் அளந்து குனிகிறவனை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. மரக்காணத்தில் இப்போது பழைய வீட்டுக்குப் புதுச் சன்னல் மாட்டச் சாமான் கேட்டுப் போனால், ஹார்டுவேர் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்கும் முதல் கேள்வி, “பட்டையா, பாட்டா?”