சாட்சி இல்லாதவர்

ஏழாயிரம்பண்ணைச் சபையில் ஞானஸ்நானம் எடுப்பவர்கள் முதலில் கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். குடியை விட்டவர், தீராத நோய் தீர்ந்தவர் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். சங்கிலிமுத்துவிடம் ஒரு கதையும் இல்லை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சபை. அவ்வளவுதான் மனுஷன்.

"வயித்துவலி போச்சே, அதச் சொல்லுங்க" என்று மனைவி மாரித்தாய் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"அது மாத்திரையில போச்சு புள்ள."

"மாத்திரைய யாரு குடுத்தா? கர்த்தர்தான?"

"மருந்துக்கடைக்காரரு."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள், பாவம். போன வருஷமே ஞானஸ்நானம் எடுத்தவள். புருஷன் பக்கத்தில் நின்று, ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் தரும் திருவிருந்து அப்பத்தை வாங்க வேண்டும் என்பதே அவள் ஆசை. அவருக்கும் அதே ஆசைதான். ஆனால் சொல்ல ஒரு சாட்சிகூட இல்லாத நமக்கு இதற்கெல்லாம் தகுதி உண்டா என்று உள்ளுக்குள் பயம்.

அந்த ஞாயிறும் வந்தது. சபைக்குப் பின்னால் முழுக்குக் கொடுக்கும் சிமென்ட் தொட்டி நிரம்பியிருந்தது. பிரியாணி தம்மில் இருந்தது. சங்கிலிமுத்து சட்டையைக் கழற்றினார். தொட்டியில் கால் வைக்கும்முன், பழக்க தோஷத்தில், ஓரத்து இரும்புக் குழாயை உள்ளங்கையால் தொட்டார்.

சனம் சிரித்தது. பாதிப்பேர் ஆலைக்காரர்கள், அவர்களுக்குத் தெரியும். மருந்து அறை வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடாமல் ஒருவரும் உள்ளே போக மாட்டார்கள். பாஸ்டர் தங்கப்பாண்டியன் வெளியூர்க்காரர்.

"என்னண்ணே அது?"

"உடம்புல கரண்டு இருந்தா இதுல எறங்கிரும் பாஸ்டர். அதோட உள்ள போனா மருந்து பத்திக்கிடும். கோவத்தோடயும் போகக் கூடாது, கை உதறும். யாரோடயாவது சண்டைன்னா பேசித் தீத்துட்டுத்தான் நான் உள்ள..."

குழாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

தம்பி சுடலை நினைவுக்கு வந்துவிட்டான். சித்திரையில் குலசாமி கொடைத் திருவிழா முடிந்து அவன் வீட்டில் பந்தி. புதிதாகச் சபைக்கு வந்த வேகம் இவருக்கு. படையல் சோறு என்று, பரிமாறிய பிறகு இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். வேண்டாமென்றால் முன்பே தன்மையாகச் சொல்லியிருக்கலாம். அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால் தம்பி தலைகுனிந்து நின்றான். அன்றோடு பேச்சு அற்றுப்போனது.

"இப்ப நான் எறங்கக் கூடாது பாஸ்டர்." சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, ஊரே பாக்குது. எங்க போறீக?" மாரித்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி வீட்டுக்கு."

சுடலை வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏலே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. ஒன் சோத்த அவமானப்படுத்திட்டேன்."

காற்று அடிப்பது நின்றது. அவன் மனைவி வள்ளித்தாய் வெளியே வந்தாள்.

"சாப்பிட்டீகளா அத்தான்?"

"இல்லத்தா. போடு."

பழைய சோறும் மோர்மிளகாயும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கண்ணில் வழிந்ததற்கு மிளகாய்மேல் பழியைப் போட்டார். யாரும் நம்பவில்லை.

சபையில் ஒருவரும் பிரியாணியைத் தொடாமல் காத்திருந்தார்கள். சங்கிலிமுத்து முன்னால் வர, தோளில் துண்டோடு சுடலை பின்னால் வந்தான். அந்த வாசலுக்குள் அவன் வருவது இதுதான் முதல் தடவை.

சங்கிலிமுத்து மறுபடியும் இரும்புக் குழாயைத் தொட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சாட்சி ஏதாவது சொல்றீங்களாண்ணே?" பாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

அவர் மனைவியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் சொல்றேங்க" என்றான் சுடலை. "ஒங்க சாமியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கண்ணன் இன்னைக்கு எங்க வீட்டுல சாப்பிட்டாரு."

சொல்லிவிட்டு, அண்ணன் கழற்றிய சட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.