டேங்க் நிழலைத் துரத்திய கதை

என் வீட்டுக்காரர் ஓட்டுவது பஸ். வீட்டில் அவருக்குப் பெயர் ஆடிட்டர். வைத்தது நான்தான். சோப்புக் கட்டி வாங்கினால்கூட இது எத்தனை குளியலுக்கு வரும் என்று கேட்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் எனக்கு மூன்று பவர் மெஷின், ஒரு பெரிய அயர்ன் பாக்ஸ். நானும் நாத்தனாரும் பள்ளிச் சீருடை தைக்கிறோம். தைத்துச் சம்பாதிப்பதில் பெரும்பங்கை கரண்ட் பில்லே விழுங்கிவிடும். "ஊருக்கே நாமதான் விளக்குப் போடுறோமா அண்ணி?" என்பாள் நாத்தனார், பில்லைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வராது. இப்படியே போனால் அறையைப் பூட்டிவிட்டுப் பழைய கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே பாத்ரூம் போகக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். அந்த சூப்பர்வைசர் அவ்வப்போது போன் செய்து, "இடம் காலியா இருக்கு, வர்றியாம்மா?" என்பார்.

அந்த நேரத்தில்தான் சோலார் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அளவு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாடியெல்லாம் அளந்தாள். நாங்கள் அவளைப் பேனல் பொண்ணு என்றே கூப்பிட்டோம்.

"எட்டு பேனல் போட்டா போதும்க்கா, பகல்ல மெஷினெல்லாம் வெயில்லயே ஓடும். பில்லுல மிச்சமாகுறத வச்சே பேங்க் தவணையைக் கட்டிரலாம். கடன் முடிஞ்சதுக்கப்புறம் வெயில் உங்களுக்குச் சம்பளம் வாங்காம உழைக்கும்" என்றாள். பிறகு, நடுமாடியில் உயரமான தூண்கள் மேல் நிற்கும் தண்ணீர் டேங்கைப் பார்த்தாள். "ஆனா இதோட நிழல் ஒரு பேனல் மேல விழுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துரும். அப்ப தவணையும் கட்டணும், பில்லும் கட்டணும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. துணியில் ஒரு நூலை இழுத்தால் முழு அகலமும் சுருங்குமே, அதே மாதிரி.

"நிழல் எங்க விழும்னு யாரு பார்த்தா?" என்றார் ஆடிட்டர்.

"நான் பார்க்கிறேன்" என்றேன். ரோஷம்.

மறுநாள் துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்கும் அறைக்குமாக ஏறி இறங்கினேன். நாலு சட்டைக்குக் காலர் வைப்பேன், ஓடிப்போய் நிழலைச் சுற்றிக் கோடு போடுவேன். சாயங்காலம் பார்த்தால் குடைப் பாவாடைக்கு வெட்டிய துண்டுகள் மாதிரி கோடுகள் விரிந்து கிடந்தன. எல்லாம் கொல்லைப் பக்கம். தெருப் பக்கம் நிழல் ஒரு விரல்கூட எட்டவில்லை. அங்கே எட்டுக் கட்டங்களை வரைந்து, அழியாமலிருக்க எல்லாக் கோட்டையும் மிச்சமிருந்த பெயிண்டால் தொட்டு வைத்தேன். என் கையே எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடிட்டர் கட்டங்களைச் சுற்றி நடந்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச மாசம் போகட்டும். இன்னும் கொஞ்சம் முன்பணம் சேர்ந்தா தவணை குறையும்."

கல்லில் நார் உரிக்கிற மனுஷன்! அன்று ராத்திரி சாப்பாட்டை அவர் முன் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

சில வாரம் கழித்து, உச்சி வெயிலில் துணி காயப்போடப் போனேன். மதிய நிழல் என் பெயிண்ட் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் உள்ளே போயிருந்தது. "டேங்க் குட்டையாகுதோ என்னவோ அண்ணி, வயசாகுதில்ல" என்றாள் நாத்தனார்.

பிறகு ஒரு மதியம் அது இல்லவே இல்லை.

டேங்க் நிற்கிறது, நிழல் வெளியே வரவில்லை. தனக்கு அடியிலேயே மடித்து வைத்துக்கொண்டது. கொடிக்கம்பிக் கம்பத்தைப் பார்த்தேன், அதற்கும் இல்லை. குனிந்து என்னைப் பார்த்தேன். என் நிழல் என் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. அண்ணாந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கேயோ இருக்கிற சூரியன், யாரும் கூப்பிடாமல், எங்கள் வீட்டு மாடிக்கு நேர் மேலே வந்து நிற்கிறது! இத்தனை வருஷமாக இதே இடத்தில் துணி உலர்த்துகிறேன், ஒரு தடவைகூட எனக்குத் தெரியவில்லை. உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது, அழவேண்டும் போலச் சந்தோஷமாகவும் இருந்தது. கும்பிடக் கை தானாக மேலே போனது. கையில் பிழியாத ஈரச் சட்டை. தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"நிழல் இல்லையா? பேய்க்குத்தான் நிழல் கிடையாதும்பாங்க. நாளையிலேர்ந்து தலையில துணி போட்டுட்டு மாடிக்குப் போ" என்றார்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் அடுத்த வாரம் என் சிரிப்பும் போய்விட்டது. நிழல் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தது. நாளாக நாளாக நான் வரைந்த கட்டங்களில் முதல் இரண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பேனல் பொண்ணை வரவழைத்தேன். "சூரியன் வருஷம் முழுக்க ஒரே தடத்துல போகாதுக்கா. சில மாசம் இந்தப் பக்கம் சாயும், சில மாசம் அந்தப் பக்கம். உங்க மாடியில ரெண்டு பக்கமும் நிழல் வரும். டேங்குக்கு மேல போற மாதிரி உயரமான கால் வச்சுப் போடணும். செலவு கொஞ்சம் ஏறும், ஆனா பில்லுல மிச்சமாகுறது தவணையைத் தாங்கும்."

ஆடிட்டருக்குச் செலவு ஏறும் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "எதுக்குக் காலு? கொல்லைப் பக்கம் போட்டுட்டுப் போ. இன்னைக்கு அங்க நிழலே இல்லையே!"

"அது திரும்பி வரும்ங்க."

"யாரு சொன்னா? கால் விக்கிறவ சொன்னா! என் கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "போன வழியேதான் அண்ணே திரும்பும். மறுபடியும் ஒரு மதியம் நிழல் இருக்காது. அதுக்கப்புறம் கொல்லைப் பக்கம்தான். நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காத்திருந்தோம். பில் காத்திருக்கவில்லை. ஒரு மெஷினுக்கு உறை போட்டு மூடினேன். சூப்பர்வைசர், "இந்த மாசத்துக்குள்ள சொல்லிரு, இல்லேன்னா வேற ஆள்" என்றுவிட்டார். நான் தினமும் மதியம் மாடியேறி, நிழல் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நிழல் போய்க்கொண்டே இருந்தது, பிறகு தயங்கி நின்றது, பிறகு பின்வாங்க ஆரம்பித்தது. டேங்கை நோக்கி, ஒவ்வொரு விரற்கடையாக.

"கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம்? அண்ணனை இப்பவே மாடிக்கு இழுத்துட்டு வாங்க" என்றாள் நாத்தனார். இழுத்தால் வருகிற ஆளா அவர்? காய்ச்சலில்கூட லீவு போடாதவர். லீவு போட்டால் சம்பளம் வெட்டு.

மாசக் கடைசியில் ஒரு மதியம் மாடிக்கதவைத் திறந்தேன். யூனிஃபார்மோடு டேங்க் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் ஆடிட்டர்.

"என்னங்க, டியூட்டி?"

"உஷ்." விரலை நீட்டினார். தெருப் பக்கம் நிழல் நூல் கனத்தில் இருந்தது. "தினம் சாயங்காலம் உன் கோட்டைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். இன்னைக்குத்தான்னு தோணுச்சு."

நாத்தனாரும் வந்து படியில் நின்றாள். நூல் மெலிந்தது, உள்ளே போனது, போய்விட்டது. அவர் மெல்ல எழுந்தார். தன் காலடியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி அடியில் பார்த்தார். நான் நக்கலடிக்க வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"நாள் முழுக்க வெயில்லதான் வண்டி ஓட்டுறேன்" என்றார். கண்ணைச் சுருக்கி அண்ணாந்தார். "திட்டியிருக்கேனே தவிர, ஒரு நாள் இதைப் பார்த்ததில்லையே. சொன்னபடி வந்து நிக்குதே! நம்ம வீட்டு டேங்க் நிழலைக்கூட விடாம வந்து கணக்குப் பார்த்துட்டுப் போகுதே!"

நான் கட்டம் வரைந்த அன்றே அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்நேரம் அதன் மேல் நிழல் விழுந்து, தவணையும் பில்லுமாக அறை பூட்டப்பட்டிருக்கும். நார் உரிக்கிறவர் என்று நான் திட்டிய அந்த இழுத்தடிப்புதான் என் மெஷின்களைக் காப்பாற்றியது. அதை அங்கேயே அவரிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அங்கேயே நின்று பேனல் பொண்ணுக்குப் போன் போட்டார். "உயரக் காலே போடும்மா. டேங்குக்கு மேல. காகிதத்தோட வா." விலையைக் குறைக்கச் சொல்வார் என்று நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கவே இல்லை.

நான் கீழே போய் சூப்பர்வைசரிடம், "வரலைங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது மெஷினின் உறையை எடுத்தேன். மாடியில் நாத்தனார் அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது கேட்டது.

"அண்ணே, அரை நாள் சம்பளம் போச்சே!"

"போகட்டும்" என்றார் ஆடிட்டர். "முழு நாளே லீவு போட்டிருக்கணும்."