தான்சானியாவுக்கு ஒருவர்

காலை ஒன்பது இருபதுக்கு ஆலையின் வாட்ஸப் குழுவில் விமல்ராஜின் படம் வந்தது. தோளில் சால்வை. பக்கத்தில் முதலாளி அப்பாசாமி. கீழே ஒரு வரி: தான்சானியா கூட்டு நிறுவனத்தின் பொது மேலாளருக்கு வாழ்த்துகள்.

தென்றல் அதைத் தரம் பிரிக்கும் கொட்டகையில், எந்திரச் சத்தத்துக்கு நடுவே நின்று பார்த்தாள்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் இருக்கும் அந்த வேர்க்கடலை ஆலையில்தான், ஊர்ப்பேச்சில் மல்லாட்டை மில்லில்தான், கல்லூரி முடித்த நாளிலிருந்து குப்பை கொட்டுகிறாள். இப்போது உற்பத்தி மேலாளர். தான்சானியாக்காரர்களோடு பேச்சு தொடங்கியதே அவள் மூலம்தான். அங்கே போய்ப் புது ஆலைக்கு இடம் பார்த்தவளும் அவள்தான். சென்னையிலிருந்து வந்த தேர்வுக் குழு நாள் முழுக்க ஐந்து பேரைக் குடைந்துவிட்டு அவளைத்தான் முதலில் வைத்தது. மகளுக்கு அந்த ஊரில் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. கூடப் போவதற்காகக் கணவன் எழில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டான்.

விற்பனைப் பிரிவிலிருந்து விமல்ராஜ் லட்டு டப்பாவோடு வந்தான்.

"எடுத்துக்கக்கா."

"வேணாம்."

"கோச்சிக்காதக்கா. நானா கேட்டேன்? இன்டர்வியூவுக்கே நான் வரல. நேத்து சாயந்தரம் கூப்ட்டு, நீதான்டா போறன்னுட்டார். பாஸ்போர்ட்டே இனிமேதான் எடுக்கணும்."

"அத வேற சொல்றியா?"

"மூணு வருசம்க்கா. அங்க போயும் இதே மல்லாட்டதான? சோறாவது கெடைக்குமா?"

"கெடைக்கலனா பட்டினி கெட."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டப்பாவைத் தட்டிவிட்டிருப்பாள். கீழே பிரித்துப் போட்ட கடலையில் லட்டு உதிரும் என்று கையை அடக்கிக்கொண்டாள்.

முதலாளி அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. தென்றல் போனாள்.

"உக்காரும்மா," என்றார் அப்பாசாமி. செருப்பைப் பார்த்தார்.

"நிக்கிறேன் சார். இன்டர்வியூவுல நான் கம்மியா?"

"யார் சொன்னது? எல்லாரையும் விட நீதான் ஜாஸ்தி."

"அப்புறம்?"

அவர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். "வெள்ளிக்கெழம குலசாமி கோயில்ல பூ போட்டுப் பாத்தேன்மா. செவப்பு வந்துடுச்சு. நான் இன்னா பண்ணட்டும்?"

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தென்றல் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. எழிலைப் பேசி முடிக்கும் முன் அவள் அம்மா போட்டுப் பார்த்தாள். அதைக் கேலி பேச அவளால் முடியாது. அது அப்பாசாமிக்கும் தெரியும்.

"பொம்பளப் புள்ள. தூர தேசம். நாளைக்கு ஒண்ணுன்னா உங்க வீட்டுக்காரருக்கு நான்தான பதில் சொல்லணும்? உன் நல்லதுக்குத்தாம்மா."

"அவர் வேலய உட்டுட்டார் சார்."

"மறுபடி சேத்துக்கச் சொல்றேன். அந்த ஸ்கூல் தாளாளர் நமக்கு வேண்டியவர்தான்."

"சாமிகிட்ட இன்னான்னு கேட்டீங்க?"

"தென்றல அனுப்பலாமா, வேணாமான்னு."

"அவ்ளோதானா?"

"வேற இன்னாம்மா கேக்கறது?"

அவர் தொலைபேசியை எடுத்து இரண்டு டீ சொன்னார். அவர் அதை வைக்கும்வரை தென்றல் காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளையும் அவர் மேசைமேல் ஊன்றினாள்.

"விமலுக்குப் பூ போட்டீங்களா சார்?"