ஏழாம் நம்பர் மாமியார் வீடு

அந்த ஓட்டலில் சும்மா படுத்துத் தூங்க ஓர் அறைகூடக் கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேஷம். முதல் அறை நீர்மூழ்கிக் கப்பல். சன்னலைத் திறக்க முடியாது. மூன்றாவது ஆஸ்பத்திரி, காசு கொடுத்து நோயாளியாகப் படுக்க ஆள் அலைமோதியது. முதலாளிக்கு மூளை எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் வேகிறவர்கள் வேலைக்காரர்கள்தான்.

அறைகளைத் துடைத்து அலங்கரிப்பவள் ஆறு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமானால் பகல் ஷிஃப்ட் உறுதி. பகல் ஷிஃப்ட் என்றால் மாமியார் கண்ணில் படாமல் தினம் ஒன்பது மணி நேரம். அவளுக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெரிசு.

வெளியூர் கிளம்பும் அவசரத்தில் முதலாளி போனில் சொன்னார். "ஏழாம் நம்பர் காலியாத்தானே கிடக்கு? அதை மாமியார் வீடா மாத்திடும்மா. உள்ள வந்தவன் நடுங்கணும். நல்லா வந்துச்சுன்னா உன் வேலை பர்மனென்ட்."

அவர் ஜெயிலைத்தான் அப்படிச் சொன்னார். ஆண்பிள்ளைகளின் கேலிப்பேச்சு அது. கேட்டவளுக்கோ அது கேலி இல்லை, விலாசம்.

பத்தே நாளில் முடித்துவிட்டாள். எத்தனை மணிக்கு எழுந்தாலும் தாமதமாகிவிடும்படி கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளினாள். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். நல்ல நாற்காலியாக ஒன்று போட்டு, யாரும் உட்காராதபடி அதன்மேல் மாமியாரின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் மகன் படம் பதினொன்று. மருமகளும் ஒரு படத்தில் இருந்தாள், தோள் மட்டும்.

திரும்பி வந்த முதலாளி வாசலிலேயே தலையில் கைவைத்தார். "கம்பி எங்கம்மா?"

"எந்தக் கம்பி சார்?"

"ஜெயில் கம்பி! மாமியார் வீடுன்னா ஜெயில்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். அதைத்தான் செஞ்சிருக்கேன்."

மாற்ற நேரமில்லை. ஒரு தம்பதி பெட்டியோடு வந்து நின்றார்கள். கணவர் குறட்டை விட்டுத் தூங்கினாராம். மனைவி விடியுமுன் எழுந்து போர்வையை மடித்து, காலி நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டாளாம். போகும்போது எழுதி வைத்தாள்: 'அச்சு அசல். ஆள்தான் குறை.'

முதலாளி சந்தோஷத்தில் குதித்தார். "ஒரு மாமியார் வேணுமே! உனக்குத் தெரிஞ்சு யாராவது?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள்.

"என் கண்ணாடி எங்கடி?" என்றபடி அவளுடைய மாமியாரே படியேறி வந்தாள். நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சன்னல் விளிம்பில் விரலை ஓட்டினாள். "இப்படியா துடைக்கிறது?"

முதலாளிக்கு மெய் சிலிர்த்தது. இருந்தது ஒரேயொரு நிரந்தர இடம். அன்றைக்கே உத்தரவு அடித்துக் கொடுத்துவிட்டார், மாமியார் பெயருக்கு.

மறுநாள் அவள் துடைப்பத்தோடு ஏழாம் அறைக்குப் போனாள். "அத்தை, கொஞ்சம் காலைத் தூக்கிக்கோங்க."

"டியூட்டில என்ன அத்தை? மேடம்னு கூப்பிடு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. இல்லை, அவளே தள்ளி வைத்த கடிகாரம் அது, இன்னும் இருபது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போக வேண்டும்.