சம்பா கார்டன் வாய்க்காலுக்கு வளைகாப்பு

சம்பா கார்டனில் சம்பாவும் கிடையாது, கார்டனும் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில், வயலை மனையாக்கி, மனையை வீடாக்கி, வீட்டின் மேல் மாடி ஏற்றி வளர்ந்த நகர் அது. பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எதிர் மனையில் ஒரு வீடு முளைத்துக் கிரகப்பிரவேசச் சாப்பாடும் முடிந்திருக்கும், அவ்வளவு வேகம்.

அந்த நகரின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குத் தலைவி நீலாம்பாள். பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜில்லாவில் பாதிப் பேர் அவள் அதட்டலுக்குப் பயந்துதான் இந்த உலகத்துக்கே வந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நகர் முழுக்க அவளுக்கு ‘சிஸ்டர்’ என்றுதான் பெயர்.

சங்கப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் தவறாமல் வரும். தெருவிளக்கு எரியவில்லையா, சிஸ்டர். நாய் குரைக்கிறதா, சிஸ்டர். பக்கத்து வீட்டுக் குக்கர் கூடுதலாக விசில் அடிக்கிறதா, அதற்கும் சிஸ்டர். ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டி நிழலில் கூட்டம் நடக்கும். போண்டா வந்த பிறகுதான் உறுப்பினர்கள் வருவார்கள்.

ஆடி பிறந்ததும் வந்த ஞாயிறன்று, போண்டாவுக்கு முன்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். காரணம், பஞ்சநதம். நகரைப் போட்ட புரமோட்டர் அவர்தான். அடுத்த மனைப்பிரிவுக்கு அகலமான சாலை வேண்டுமாம். நகரின் ஓரத்தில் கிடக்கும் வாய்க்காலை மண்ணடித்து மூடப்போகிறாராம்.

மூடினால் என்ன ஆகும் என்று நீலாம்பாளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நகரின் மழைத்தண்ணீர் அத்தனையும் அந்த வாய்க்காலில்தான் வடிய வேண்டும். அவள் வீடு கடைசித் தெருவில், பள்ளத்தில். போன ஐப்பசியில் வாய்க்கால் குப்பையால் பாதி அடைத்துக் கிடந்ததற்கே கூடத்தில் முழங்கால் தண்ணீர். அவள் வீட்டுக் காலி சிலிண்டர் படகாக மிதந்துபோய் ஜன்னத் பீவி வீட்டுக் கதவைத் தட்டியது. முழுக்க மூடிவிட்டால் கடைசித் தெருவுக்குத் தபால்காரர் பரிசலில்தான் வர வேண்டும். எத்தனையோ வருஷத்து நைட் டியூட்டியைச் செங்கல் செங்கல்லாக அடுக்கி அவள் கட்டிய வீடு அது.

மறுநாள் சங்கத்தார் ஏதோ ஒரு ஆபீஸுக்குப் புகார் சொல்லப் போனார்கள். எந்த ஆபீஸ் என்பது நமக்கு வேண்டாம். அங்கிருந்தவர் சிரித்தார்.

“ஏம்மா, வருஷா வருஷம் ‘சாக்கடை நாறுது, கொசு கடிக்குது’ன்னு மனு குடுக்கிறது நீங்கதானே? அந்தச் சாக்கடையைத்தான் அவர் மூடுறேங்கிறாரு. சந்தோஷப்படுங்க.”

சங்கம் வந்த வழியே திரும்பியது. உண்மைதானே! ஆட்டோக்காரரிடம் “சாக்கடையோரமா நிறுத்துப்பா” என்று சொல்லாதவர் நகரில் ஒருவர் உண்டா? சாக்கடை என்று சொல்லிச் சொல்லியே வீட்டுக் குப்பையை அங்கே கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது சாக்கடையாகவே ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே தொட்டி நிழலில் மறுபடி கூட்டம், போண்டாவோடு. “கோர்ட்டுக்குப் போயிடலாம். என் மச்சினன் பிள்ளை வக்கீல்தான்” என்றார் செயலாளர் ஹரிஹரசுப்ரமணியன், ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர்.

“அந்தத் தம்பி வாய்தா வாங்கி முடிக்கிறதுக்குள்ள எங்க தெருவுல எல்லாருக்கும் செதில் மொளைச்சிடும் சார்” என்றாள் நீலாம்பாள். பிறகு போண்டாவைக் கீழே வைத்தாள். அவள் போண்டாவைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். “ஆமா, ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் எங்க போறீங்க?”

“வேற எங்க? திருவையாத்துப் படித்துறைக்குத்தான். காவேரி மசக்கையா இருக்கா, சித்ரான்னம் படைக்க வேண்டாமோ?” என்றார் செயலாளர்.

“நம்ம வாய்க்கால்ல வர்றது மட்டும் என்ன லாரித் தண்ணியா? காவேரி பிரிஞ்சுதான் வெண்ணாறு. வெண்ணாறு பிரிஞ்சுதான் இது. அவ பிள்ளைத்தாச்சின்னா இவளும் பிள்ளைத்தாச்சிதான். பதினெட்டாம் பெருக்கு இந்த வருஷம் இங்கதான். மசக்கைக்காரி வயித்துல மண்ணடிக்க எவன் வர்றான் பார்ப்போம். என் வார்டுல என் பேச்சை மீறி எந்த ஆம்பிளையும் கால் வச்சதில்ல!”

ஜன்னத் பீவி கடைசித் தெருவிலேயே ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவள். துள்ளி எழுந்தாள். “அப்ப வளைகாப்பே போட்டுடலாம்க்கா! வளையல் நம்ம கடையிலேர்ந்து.”

மறுநாளே நகர் வாய்க்காலுக்குள் இறங்கியது. உள்ளேயிருந்து வந்ததை எல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு சோபா வந்தது. உட்கார்ந்த பள்ளத்தோடு வந்தது. ஹரிஹரசுப்ரமணியன் எப்போதோ தொலைத்த டிவி ரிமோட் வந்தது. கொசுக்கள் ரேஷன் கார்டு கேட்கிற அளவுக்கு அங்கே குடித்தனம் பெருகியிருந்தது. இந்த மண்ணெல்லாம் வயலாக இருந்த காலத்தில், செயலாளரின் தாத்தா வரப்பில் குடை பிடித்து நின்று நீலாம்பாளின் அப்பாவை வேலை வாங்கியவர். இப்போது நீலாம்பாள் கரையில் குடை பிடித்து நிற்க, செயலாளர் இடுப்பளவு சேற்றில் நின்றார்.

“சார், அந்த மூலையில இன்னும் கொஞ்சம் குனிஞ்சு வாருங்க.”

“சிஸ்டர், இதை நீங்க ரொம்ப ரசிச்சுப் பண்றேளோன்னு தோண்றது.”

“சேச்சே, சங்க வேலை சார்!” என்றாள். குடைக்குள் அவள் சிரித்த சிரிப்பு நிழல்படாத இடம் வரைக்கும் கேட்டது.

வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் அடைத்திருந்த பிளாஸ்டிக் மூட்டையை இழுத்ததும் தண்ணீர் வந்தது. முதலில் கறுப்பாக, பிறகு டீ நிறத்தில், சாயங்காலத்துக்குள் நல்ல புதுத்தண்ணீராக நுரைத்துக்கொண்டு ஓடியது. அன்றே நீலாம்பாளும் ஜன்னத் பீவியும் வளைகாப்புக்கு வீடு வீடாக அழைக்கக் கிளம்பினார்கள். முதல் குங்குமம் நகரின் முதல் பங்களாவில்: பஞ்சநதத்தின் மனைவி ரெத்தினத்துக்கு. குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டால் எதிராளி வீட்டு வளைகாப்பானாலும் போய்த்தான் தீர வேண்டும். இந்த ஊர் வழக்கம் அப்படி. அதிலும் ரெத்தினத்தின் மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணமாகியிருந்தது.

பதினெட்டாம் பெருக்கன்று காலை, கரை முழுக்கச் சேலையும் சித்ரான்னமும். புளியோதரை வாசம் அந்தப் பக்கம் மயிலாடுதுறை வரைக்கும் போயிருக்கும். குறுக்கே கட்டிய மஞ்சள் கயிற்றில் கண்ணாடி வளையல்கள் தண்ணீருக்கு மேல் கலகலவென்று ஆடின. காதோலை கருகமணி மிதந்து போனது.

அப்போதுதான் மண் லாரிகள் வந்தன.

முன்னால் வந்த லாரியின் டிரைவர் இறங்கினார். வளையலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். “தாயே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு லாரியடியில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே.

காரிலிருந்து பஞ்சநதம் குதித்தார். “யோவ், என்னய்யா வேடிக்கை? மண்ணைத் தட்டு!”

“நம்மால ஆவாது மொதலாளி. எம்பொண்டாட்டியும் நெறமாசம்.”

பஞ்சநதம் கரைக்கு வந்தார். “சிஸ்டர், இதெல்லாம் நல்லால்ல. இது வெறும் சாக்கடை.”

“யாரு சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க! ஊரே சொல்லிச்சு!”

“சொன்னோம். புத்தி கெட்டுச் சொன்னோம். இப்ப வளையல் போட்டுட்டோம். பேருல அஞ்சு நதியை வச்சிக்கிட்டு ஒத்த வாய்க்காலை மூட வர்றீங்களே, அடுக்குமா? கொட்டணும்னா கொட்டுங்க. நான் இறங்கி நிக்கிறேன், எம்மேலயே கொட்டுங்க.” சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியேவிட்டாள். தண்ணீர் தொடையளவு. ஜன்னத் பீவி இறங்கினாள். கடைசித் தெரு முழுக்க இறங்கியது. ஹரிஹரசுப்ரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எனக்குத்தான் இந்த எடம் பழக்கமாச்சே” என்று தானும் இறங்கினார்.

“கொஞ்சம் வழி விடுங்க” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ரெத்தினம். கூடவே மகளும் மருமகனும், கையில் கல்யாண மாலைகளோடு. வாடிய கல்யாண மாலையை ஆடிப்பெருக்கில் ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும்.

“ஏய், நீ எங்கடி இங்க?” என்றார் பஞ்சநதம்.

“சிஸ்டர் குங்குமம் குடுத்து அழைச்சாங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்ற ரெத்தினம், லாரிகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “நம்ம புள்ள மாலை தண்ணியில போவுது. மேல மண்ணைக் கொட்டப்போறீங்களா?”

மாலைகள் வளையல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, கடைசித் தெருவைத் தாண்டி, தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பஞ்சநதமும் பார்த்தார்.

“லாரியைத் திருப்புங்கடா” என்றார் கடைசியில். “சிஸ்டர், ரோடுக்கு நான் என்ன பண்றது?”

“பாலம் கட்டுங்க. தண்ணி போறதுக்குத் தாராளமா கண் விட்டுக் கட்டுங்க. கட்டும்போது சங்கம் பக்கத்துலயே நிக்கும்” என்றாள் நீலாம்பாள், தண்ணீருக்குள் நின்றபடியே. “நாளைக்கு மனசு மாறி லாரி அனுப்பினீங்கன்னா, நாளைக்கும் இங்கதான் நிப்பேன். இந்த வாய்க்காலுக்குப் பிரசவம் ஐப்பசி மழையில. அது வரைக்கும் டியூட்டி என்னுது.”

ஜன்னத் பீவி ஒரு இலையில் புளியோதரை வைத்துப் பஞ்சநதத்திடம் நீட்டினாள். வளைகாப்புச் சாப்பாட்டை வேண்டாமென்று சொல்ல முடியுமா? நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் இலையோடு கையை வாய்க்கால் பக்கம் ஓங்கினார்.

“ஏய்!” என்றாள் சிஸ்டர். பிரசவ வார்டே அதிர்ந்த அதே அதட்டல்.

பஞ்சநதம் இலையை நாலாக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.